இருபத்தெட்டு கிராம் குரல்

ட்ரோன் இறக்கையின் நான்காவது காப்பு வளையத்தைப் பிடுங்கும்போது குருவியின் நகம் பிய்ந்தது. ரத்தத்தைச் சட்டையில் துடைத்துவிட்டு, இப்போது காப்பு எதுவும் இல்லாத அந்தச் சின்ன ட்ரோனை மறுபடியும் தராசில் வைத்தாள்.

"இருநூத்திப் பதினஞ்சு" என்றார் கேமரா கடைக்காரர், கண்ணாடியை மூக்கில் இறக்கிக்கொண்டு. "இன்னும் முப்பத்து நாலு கிராம் ஏத்தலாம். அதுக்கு மேல ஒரு குண்டூசி வச்சாலும் குவாரி கேட்டுல நிறுத்திடுவான்."

காலை மணி பதினொன்று. முந்தைய நாள் காலை ஒன்பதரைக்குக் கல்குவாரியின் ஒரு பக்கச் சரிவு அப்படியே உட்கார்ந்துவிட்டது. உள்ளே இருந்த பதினேழு பேரில் பதினாறு பேர் ஓடித் தப்பினார்கள். வராமல் போனவர் ஒருவர்தான். இருபத்திரண்டு வருடமாக அங்கே பாறைக்கு வெடி வைத்தவர், குருவியின் அண்ணன்.

சரிவில் இன்னும் கற்கள் உதிர்ந்துகொண்டிருந்தன. நாளைக் காலை வரை ஓர் ஆளையும் உள்ளே இறக்க மாட்டோம் என்று மீட்புக் குழு கையை விரித்துவிட்டது. அவர்களிடம் பெரிய ட்ரோன் இருந்தது. ஆனால் குவாரிச் சுவருக்கு அந்தப் பக்கம் விமானத் தளம். கால் கிலோவைத் தொடும் எதையும் எழுத்து அனுமதியில்லாமல் பறக்கவிட முடியாது. அனுமதி வர இரண்டு நாள் ஆகும். அதற்கும் குறைவான எடையில் ஒன்றை வைத்திருந்தவள் குருவிதான். தரகர்களுக்கு வீட்டு மனைகளை வானத்திலிருந்து படம் பிடித்துக் கொடுப்பது அவள் பிழைப்பு. குருவி என்று பெயர் வைத்ததும் அண்ணன்தான். அவள் பறக்கவிடத் தொடங்குவதற்கு வெகுகாலம் முன்பே.

குவாரி மேனேஜர் தன் காரிலேயே அவளையும் அண்ணியையும் கடைக்கு அழைத்து வந்திருந்தார். உபகாரம் போலத்தான் இருந்தது. ஆனால் மனிதர் ஒரு நிமிடம் கூட அவர்களைத் தனியாக விடவில்லை. வழியெல்லாம் அதே பாட்டு.

"மூணு நிமிஷம் முழுசா சைரன் அடிச்சோம்மா. சமையல்காரன் கூடக் கரண்டியும் கையுமா ஓடி வந்துட்டான். உங்க அண்ணன் மட்டும் ஏன் வரலைன்னுதான் எனக்குப் புரியல." அப்புறம் குரலை இறக்கி அண்ணியிடம் கேட்டார். "குடிப்பாராம்மா?"

அண்ணி இல்லை என்று தலையாட்டினாள். பழி யார் தலையில் விழப்போகிறது என்பது குருவிக்கு அந்த ஒரு கேள்வியிலேயே விளங்கிவிட்டது.

கடைக்காரர் தேவையானதையெல்லாம் கண்ணாடி மேசையில் பரப்பினார். கூடுதல் பேட்டரி இரண்டு. வேகமாக எழுதும் மெமரி கார்டு. மாற்று இறக்கைகள் ஒரு ஜோடி. செல்போன் திரைக்கு வெயில் மறைப்பு.

"இந்த மறைப்பை வாங்கிக்கோம்மா. வெட்டவெளியில திரையில உன் மூஞ்சிதான் தெரியும்."

"என் கண்ணு நல்லாத்தான் இருக்கு. நேரமாகுது, அடுத்ததை எடுங்க."

அடுத்தது இரண்டு பொருட்கள். ட்ரோனின் வயிற்றில் மாட்டும் விளக்கு ஒன்று, பத்தொன்பது கிராம். பதிவு செய்த குரலைத் திரும்பத் திரும்ப ஒலிக்கும் சின்ன ஒலிபெருக்கி ஒன்று, இருபத்தெட்டு கிராம். இரண்டையும் சேர்த்து வைத்தால் தராசு இருநூற்று அறுபத்திரண்டு காட்டியது. ஏதாவது ஒன்றைத்தான் எடுக்க முடியும்.

"விளக்கு" என்றாள் அண்ணி. காரில் ஏறியதிலிருந்து அவள் வாயைத் திறந்தது அப்போதுதான்.

"பட்டப்பகல்ல விளக்கு எதுக்கு அண்ணி? அவன் எங்க கிடக்கானோ. கூப்பிட்டா குரல் குடுப்பான், கையாவது அசைப்பான். நூறு மீட்டர் வரைக்கும் கேக்குமாம்."

"குழிக்குள்ள வெயில் விழாது. இருட்டா இருக்கும். வெளிச்சம் பட்டா..." அண்ணி மேனேஜரைப் பார்த்தாள். அவர் ஒரு கேமரா பையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பதுபோல நின்றிருந்தார். அண்ணி பேச்சை அங்கேயே நிறுத்திக் குருவியின் முழங்கையைத் தொட்டாள். "ஒரு நிமிஷம் வெளிய வாயேன்."

"ஒரு நிமிஷமா? அவன் அங்க உயிரோட போராடிட்டு இருப்பான். இங்கயே சொல்லுங்க."

அண்ணி மறுபடியும் மேனேஜரைப் பார்த்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டாள்.

குருவிக்குள் பழைய எரிச்சல் ஒன்று தலைதூக்கியது. ஒன்றரை வருடமாக அண்ணனை போனில் பிடிக்கவே முடிந்ததில்லை. எப்போது அழைத்தாலும் எடுப்பவள் அண்ணி. அவர் குளிக்கிறார், அவர் தூங்குகிறார், என்கிட்டச் சொல்லு, நான் சொல்லிடறேன். கூடப் பிறந்தவனோடு நாலு வார்த்தை பேசவும் இவளிடம் மனுப் போட வேண்டியிருந்தது. இப்போது அவனைத் தேடுவதிலும் இவள் வைத்ததுதான் சட்டமா?

"ஒலிபெருக்கியை மாட்டுங்க" என்றாள் கடைக்காரரிடம்.

அவர் திருகிக்கொண்டே யார் பேசப்போகிறீர்கள் என்று கேட்டார். எல்லோரும் அண்ணியைப் பார்த்தார்கள். பெண்டாட்டி குரல் கேட்டால் தெம்பாக இருக்கும் என்றார் மேனேஜர்.

"நீயே பேசு" என்றாள் அண்ணி. "நான் பேசி என்ன ஆகப்போகுது."

அந்த வார்த்தை குருவியின் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. இவள் தாலியறுக்க இப்போதே தயாராகிவிட்டாளா? ஒலிப்பதிவுப் பொத்தானை அழுத்திப் பேசினாள். "அண்ணே, குருவி வந்திருக்கேன். மேல பாரு. கையை ஆட்டு."

குவாரி வாசலில் தராசு இருநூற்று நாற்பத்து மூன்று என்றது. காவலாளி ட்ரோனை உள்ளே விட்டான். மேனேஜரையும் குருவியையும் தவிர வேறு யாரும் விளிம்புக்குப் போகக் கூடாது என்றான். அண்ணி தடுப்புக் கம்பியைத் தாண்டிக் கையை நீட்டிக் குருவியைப் பிடித்துக்கொண்டாள்.

"நல்லாக் கீழ இறக்கிப் பாரு. பாறை இடுக்கெல்லாம் பாரு. சும்மா கூப்பிட்டுக்கிட்டே இருக்காத."

மேனேஜர் திரும்பிப் பார்த்தார். குருவி கையை உருவிக்கொண்டாள்.

மூன்று பேட்டரி. ஒவ்வொன்றும் இருபது நிமிடம். ஐந்து குழிகள். சரிவில் காற்று சுழன்று அடித்தது. காப்பு வளையம் இல்லாத இறக்கை பாறையில் பட்டால் கதை முடிந்தது. அதனால் உயரத்திலேயே ஓட்டினாள். உயிரோடு இருந்தால் குரலைக் கேட்டு அசைவான், அசைந்தால் தெரியும் என்பது அவள் கணக்கு. கடைக்காரர் சொன்னது போலவே திரையில் பாதி நேரம் அவள் முகம்தான் தெரிந்தது. பள்ளத்திலிருந்து அவளுடைய குரலே எதிரொலித்துத் திரும்பி வந்தது. அண்ணே, குருவி வந்திருக்கேன். மேல பாரு. கையை ஆட்டு.

கிழக்குக் குழியின் மேல் மட்டும் நான்கு நிமிடம் நிறுத்தினாள். அண்ணன் கடைசியாக அந்தப் பக்கம் போனதாக யாரோ சொன்னார்கள். எந்தப் பதிலும் இல்லை. மூன்றாவது பேட்டரியும் சிவப்புக் காட்டியபோது மீட்பு அதிகாரி வரைபடத்தை விரித்தார்.

"கிழக்குல நல்லாக் கூப்பிட்டுப் பார்த்தீங்களா?"

"நாலு நிமிஷம் சார். இங்க நிக்கிற எனக்கே கேட்டுச்சு."

அவர் கிழக்குக் குழியைப் பென்சிலால் குறுக்கே அடித்தார். மறுநாள் மேற்கிலிருந்து தொடங்குவது என்று முடிவாயிற்று.

மறுநாள் காலை ஆறு மணிக்கே ஆட்கள் இறங்கினார்கள். மேற்கில். மாலை நான்கு மணிக்குக் கிழக்குக் குழியை அடைந்தார்கள். அங்கே துருத்திக்கொண்டிருந்த பாறைக்கு அடியில், ஒரு கால் கல்லுக்குள் மாட்டியபடி அண்ணன் கிடந்தார். இறந்து ஏழெட்டு மணி நேரம் ஆகியிருக்கும் என்றார் டாக்டர். கிழக்கில் முதலில் இறங்கியிருந்தால் என்று யாரோ தொடங்கினார்கள். குருவியைப் பார்த்ததும் பாதியில் விழுங்கிவிட்டார்கள்.

மூன்றாம் நாள் வீட்டில் கூட்டம் கலைந்தது. அண்ணனின் சாப்பாட்டு மேசையில் கம்ப்யூட்டரைத் திறந்து, குருவி மெமரி கார்டைச் செருகினாள். மயக்கத்தில் கிடந்திருப்பான், அதனால்தான் பதில் இல்லை. அதைக் கண்ணால் பார்த்துவிட்டால் போதும், மிச்ச வாழ்நாளை ஓட்டிவிடலாம் என்று நினைத்தாள்.

கிழக்குக் குழி வந்தது. அந்த ட்ரோன் படம்தான் பிடிக்கும், ஒலியைப் பதியாது. பாறைகள் மௌனமாக நகர்ந்தன. நிழலுக்குள் ஆரஞ்சு நிறத்தில் ஒரு புள்ளி. படத்தைப் பெரிதாக்கினாள்.

அண்ணன் உட்கார்ந்திருந்தார். கேமராவுக்கு முதுகைக் காட்டி, எதிரே இருந்த இருண்ட சுவரைப் பார்த்தபடி. சட்டையைக் கிழித்துக் காலில் கட்டிக்கொண்டிருந்தார். கை நிதானமாக வேலை செய்தது. ஒரு முடிச்சுப் போட்டார். இழுத்துப் பார்த்தார். இன்னொரு முடிச்சுப் போட்டார். நான்கு நிமிடமும் தலைக்கு மேல் தங்கை கத்திக்கொண்டிருக்க, ஒரு தடவை கூட அவர் தலை திரும்பவில்லை.

முதுகுக்குப் பின்னால் காலடி ஓசை நின்றது. அண்ணி, மடித்த துணிகளோடு.

"மயக்கமில்ல அண்ணி" என்றாள் குருவி. "முழிச்சுக்கிட்டுத்தான் இருந்திருக்கான். அவ்வளவு கூப்பிட்டேன். ஏன் திரும்பல?"

அண்ணி துணிகளை மேசையில் வைத்தாள். திரையில் அந்த முதுகைத் தொட்டாள். வெகுநேரம் விரலை எடுக்கவில்லை.

"ரெண்டு காதும் போயி ஒன்றரை வருஷமாச்சு. வெடிச் சத்தத்துல. வாய் அசையறதைப் பார்த்தே சமாளிச்சுட்டாரு. தெரிஞ்சா வெடி வைக்கிற லைசென்ஸைப் புடுங்கிடுவாங்க, யாருக்கும் மூச்சு விடக் கூடாதுன்னு என்கிட்டச் சத்தியம் வாங்கியிருந்தாரு. அந்த மேனேஜர் பக்கத்துலயே நின்னான்." மூச்சை இழுத்துக்கொண்டாள். "கடையில உன்னை வெளிய கூப்பிட்டேன், குருவி."