வியாழக்கிழமைச் சீட்டு

மெட்ராஸ் வண்டியிலிருந்து ஐஸ் பெட்டியை இறக்கியபோது கங்கம்மாள் அதை மீன் என்றுதான் நினைத்தாள். பழவேற்காட்டிலிருந்து இறால் போகும் பெட்டியும் இப்படித்தான் மூலைக்கு மூலை ஒழுகும். மிஷன் ஆஸ்பத்திரியில் யாருக்கு மீன் என்று அவள் யோசிப்பதற்குள், ஆயா அதைத் தூக்கிவந்து ஆபரேஷன் அறை வாசலில் வைத்தாள்.

பக்கத்தில் புருஷன் பூவராகவன் வயிற்றை அமுக்கிக்கொண்டு குனிந்து உட்கார்ந்திருந்தான். விடிந்ததிலிருந்து இரண்டு தடவை காப்பித்தூளைக் கரைத்த மாதிரி கருப்பாக வாந்தி எடுத்துவிட்டான். வயிற்றில் புண், அறுக்காமல் விட்டால் ஓட்டை விழுந்துவிடும் என்று டாக்டர் சொல்லி இரண்டு வாரம் ஆகிறது. அவன் சட்டைப்பையில் இன்றைய தேதி போட்ட ஆபரேஷன் சீட்டு இருந்தது. ஆனால் சீட்டில் எழுதியிருந்த பெயர் தாவீது.

பெரிய டாக்டர் வியாழக்கிழமை மட்டும்தான் வருவார். பூவராகவனின் முறை போன வியாழன். தாவீதுக்கு இந்த வியாழன். தாவீது எளாவூர் பக்கத்தில் லாரிகளுக்கு மூட்டை ஏற்றுகிறவன். அவனுக்கும் அதே புண்தான். போன வாரம் வலி தாங்காமல் வராந்தாத் தரையில் புழுவாகத் துடித்தான். அவன் பெண்சாதி ரோசம்மாள் தலைமாட்டில் உட்கார்ந்து ஜெபம் செய்துகொண்டே இருந்தாள். அதைப் பார்த்துத்தான் கங்கம்மாள் சீட்டை நீட்டினாள்.

"எங்க ஊர்ல பாடு மாத்திக்குவோம்மா. இத்த நீ வச்சிக்கோ, ஒன்னுத எனக்குக் குடு. அவுரு மொதல்ல போவட்டும்."

ஏரியில் வலை போட வீட்டுக்கு ஒரு நாள் என்று சீட்டுக் குலுக்கிப் பாடு பிரிப்பார்கள். ஒரு வீட்டில் நோவு நொடி என்றால் இன்னொரு வீட்டுக்காரன் தன் நாளைக் கொடுத்துவிட்டு அவன் நாளை எடுத்துக்கொள்வான். அதற்கு யாரையும் கேட்க வேண்டியதில்லை. ரோசம்மாள் அவள் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். சுற்றி இருந்தவர்கள் இப்படியும் ஒரு மனசா என்றார்கள்.

மனசாவது, மண்ணாங்கட்டியாவது. அன்று காலையிலிருந்தே கங்கம்மாளுக்கு ஆபரேஷன் அறைக் கதவைப் பார்க்கவே பயமாக இருந்தது. அந்தக் கதவுக்குள் முதலில் வேறு யாராவது போய்ப் பார்க்கட்டும் என்று தோன்றிய பிறகுதான் தாவீதின் வலி அவள் கண்ணில் பட்டது. இது அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

தாவீது பூவராகவன் என்ற பேரில் உள்ளே போனான். அன்று மத்தியானம் சிஸ்டர் வெளியே வந்து, "பூவராகவன் சம்சாரம் யாரும்மா?" என்று கேட்டாள். ரோசம்மாள் அசையவில்லை. அது அவள் புருஷன் பேர் இல்லையே. கங்கம்மாள்தான் பழக்கத்தில் எழுந்துவிட்டாள்.

"எங்களால ஆனத எல்லாம் செஞ்சோம். ஒடம்பு தாங்கல. போய்ட்டாரும்மா."

பூவராகவன் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருந்தான். உண்மையைச் சொன்னால் போலீஸ் வரும், உடம்பைக் கொடுக்க மாட்டார்கள் என்று யாரோ பயமுறுத்தியதால், ரோசம்மாள் தன்னைப் பூவராகவன் பெண்சாதி என்று காகிதத்தில் எழுதிக் கொடுத்துத் தன் புருஷனைக் கட்டைவண்டியில் ஏற்றிக்கொண்டு போனாள். மிஷன் பள்ளிக்கூடத்தில் மூன்றாவது வரை படித்தவள். எழுத்து மணி மணியாக இருந்தது.

அந்த வாரம் முழுக்க கங்கம்மாள் தூங்கவில்லை. ஏரிக்கரையில் யாராவது "பூவராகவா" என்று கூப்பிட்டால் அவளுக்கு மயிர்க்கூச்செறிந்தது. அவன் கண்ணயர்ந்தால் மூக்கில் விரல் வைத்துப் பார்த்தாள். கஞ்சி குடிக்கும்போது ஒருதரம் அவன், "நான்தான் செத்துட்டேனேமே, எனக்கு இன்னாத்துக்குக் கஞ்சி?" என்று சிரித்தான். சிரித்தவன் அதற்குமேல் குடிக்கவில்லை.

இப்போது ரோசம்மாள் வெள்ளைப் புடவையில் வராந்தாப் படியேறி வந்தாள். ரோசம்மாள் பூவராகவனைப் பார்த்துத் தலையசைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"இன்னிக்குத்தான அவுரு நாளு. பேரச் சொல்லிக் கூப்புடுவாங்க இல்ல. அத்தக் கேட்டுட்டுப் போலாம்னு வந்தேங்க்கா."

கங்கம்மாளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அதை மறைக்க எழுந்து ஆயாவிடம் போய் நின்றாள். ஆயா பெட்டியைத் திறந்து உமிக்குள்ளிருந்து ஒரு கண்ணாடிப் புட்டியை எடுத்தாள். உள்ளே கருஞ்சிவப்பாக இருந்தது.

"இன்னா ஆயா இது?"

"ரத்தம். ஆபரேசன்ல ஏத்துறது. அவுங்கவுங்க பேரு ஒட்டித்தான் வரும். சீட்டு குடுக்கறப்ப ஊசி போட்டு ரத்தம் எடுத்தாங்க இல்ல? அத்த மெட்ராசுல பாத்து, அதுக்குச் சேர்ற ரத்தமா அனுப்புவாங்க. ஒருத்தருக்கு வந்தத இன்னொருத்தருக்கு ஏத்தினா அவ்ளோதான். ஆளு குளோசு."

"போன வாரமும் வந்துதா?"

"வராம? அந்தச் செத்தாரே, பூவராகவன், அவுரு பேர்ல வந்துது. முழு புட்டி ஏத்தினாங்க. பாவம்."

ஐஸ் தண்ணீர் கங்கம்மாளின் பாதத்தில் பட்டது. ஏரியில் யார் வலையை யார் போட்டாலும் மீன் மீன்தான். இங்கே அப்படி இல்லை என்று அவளுக்கு யார் சொன்னார்கள்? அவள்தான் யாரைக் கேட்டாள்?

திரும்பிப் பார்த்தாள். பூவராகவன் குனிந்தபடியே இருந்தான். ரோசம்மாள் தன் முந்தானையால் அவனுக்கு விசிறிக்கொண்டிருந்தாள். வாயைத் திறந்தால் அவளிடம்தான் சொல்லியாக வேண்டும். திறக்காவிட்டால் இந்தப் புட்டி ரத்தம் அவன் உடம்பில் ஏறும்.

கதவு திறந்தது. வார்டுபாய் நோட்டைப் பார்த்து, "தாவீது!" என்று கூப்பிட்டான்.

இந்தத் தடவை ரோசம்மாள்தான் எழுந்தாள். அந்தச் சத்தம் காதிலிருந்து போய்விடக் கூடாது என்பது போல ஒரு நிமிஷம் அசையாமல் நின்றாள். பிறகு பூவராகவனின் கையைப் பிடித்து எழுப்பினாள்.

"தோ, வராரு."

"இவுரு தாவீது இல்ல." கங்கம்மாள் ஓடிவந்து புருஷனின் மறு கையைப் பிடித்துக்கொண்டாள். "இவுரு பூவராகவன்."

வார்டுபாய் நோட்டைப் புரட்டினான். அந்தப் பேரைச் சிவப்பு மையில் அடித்திருந்தது. அவன் இவர்களை மாறி மாறிப் பார்த்தான்.

"இன்னாக்கா நீ?" ரோசம்மாள் தணிந்த குரலில் சொன்னாள். "பேரு எதுவா இருந்தா இன்னா. வயித்து நோவு ஒண்ணுதானே. இவுராச்சும் பொழைக்கட்டும், உள்ள அனுப்பு."

"பேரு இல்லம்மா... ரத்தம். ரத்தம் வேற."

"இன்னா ரத்தம்?"

கங்கம்மாள் ஆயாவின் பக்கம் திரும்பினாள். அவள் பார்வை போன இடத்துக்கு ரோசம்மாளின் பார்வையும் போனது. ஆயாவின் கையில் புட்டி இருந்தது. குளிரில் வேர்த்திருந்த கண்ணாடியின் மேல் ஒட்டியிருந்த காகிதத்தில் இரண்டு வரி எழுதியிருந்தது.

கங்கம்மாளுக்குப் படிக்கத் தெரியாது. ரோசம்மாள் பூவராகவனின் கையை விட்டுவிட்டு, ஐஸ் தண்ணீரில் கால் வைத்து ஆயாவின் அருகே போனாள். புட்டியின் மேலிருந்த ஈரத்தைக் கட்டைவிரலால் துடைத்துவிட்டு, எழுத்துக்கூட்டிப் படிக்க ஆரம்பித்தாள்.