பதினாறு நாள் கணக்கு

மொட்டைமாடிக் கதவைத் திறந்ததுமே விஜயராணி செடிகளிடம் ஓடினாள். பன்னீர் ரோஜாச் செடிகளில் ஒரு பூ இல்லை. பறித்த காம்பில் பச்சை கூடக் காயவில்லை. வீடு பூட்டிக்கிடக்கிறது என்று நினைத்துப் பக்கப்படி வழியாக ஏறி வந்தவள் அவள்.

முந்தாநாள் செவ்வாய்க்கிழமைதான் அத்தனை செடிக்கும் பூச்சிமருந்து அடித்திருந்தாள். யாருக்கும் சொல்லவில்லை.

அடிக்காமல் என்ன செய்வது? போன வாரம் கோமளவல்லி மாமி ஒரு இலையைக் கிள்ளி அவள் முகத்துக்கு நேரே நீட்டினாள். ஓரத்தில் பிறை பிறையாக நறுக்கு, காசு வைத்து வெட்டியதுபோல.

"இந்தாத்துல கத்திரி யார் கையில இருக்கு?"

"நான் இல்ல மாமி. ஒரு ஈ மாதிரி, தேனீ மாதிரி வந்து உட்காருது. வட்டமா அறுத்து வயித்துக்கடியில இடுக்கிக்கிட்டுப் பறந்துடுது. கண்ணால பார்த்தேன்."

ஊஞ்சலில் இருந்த மாமா சிரித்தார். "தேனீ தேன் எடுக்கும். இலை எடுத்துண்டு போய் என்னடி பண்ணும், பந்தி போடுமா?"

மாமி சிரிக்கவில்லை. "இன்னும் ஒரு இலை இப்படிப் பார்த்தேன்னா வேற ஆள் வெச்சுப்பேன்."

சித்தாள் வேலையில் செங்கல் சுமந்து முதுகு போனபிறகு விஜயராணிக்குக் கிடைத்த நிழல் இந்த மாடிச் செடிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலைதான். இன்னொரு வீட்டில் போன மாதமே நிறுத்திவிட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மாமியின் அப்பா முசிறியில் இறந்துபோனார். மாமாவும் மாமியும் கிளம்பிப் போனார்கள். பெருமாளுக்குப் போகிற பூ என்பதால் அந்த வீட்டுச் செடிக்கு வேப்பெண்ணெய் தவிர எதுவும் ஆகாது. ஆனால் அப்பா செத்த வீட்டில் பதினாறு நாள் சாமி ஏது, பூ ஏது? விஜயராணியின் தெருவில் அதுதான் கணக்கு. உரக்கடையில் பாலு பாட்டிலைக் கொடுக்கும்போதே சொன்னான்: "அக்கா, ஏழு நாளைக்குப் பூவைத் தொடாதீங்க." ஏழு எங்கே, பதினாறு எங்கே என்று அடித்துவிட்டாள்.

இப்போது கீழே மணி அடிக்கும் சத்தம் கேட்டது.

பூஜை முடிந்து குடிக்கிற தீர்த்தத்தில் இரண்டு இதழை மிதக்கவிடுவது அந்த வீட்டு வழக்கம். வாயைத் திறந்தால் வேலை போச்சு. ஒன்றும் ஆகாமலும் இருக்கலாம். ஆகிவிட்டால்? இறங்கி ஓடினாள். கொல்லைப்பக்கம் தாண்டி ஒருநாளும் உள்ளே போனதில்லை. அன்றைக்குச் சமையலறை, கூடம் எல்லாம் தாண்டிப் பூஜை அறை வாசலில் போய் நின்றாள். மாமி உள்ளங்கையைக் குவித்து நின்றிருந்தாள். மாமா உத்தரணிக் கரண்டியில் தீர்த்தத்தை எடுத்து நீட்டிக்கொண்டிருந்தார். விஜயராணி அவர் கையைத் தட்டிவிட்டாள். அவர் மறு கையிலிருந்த வெள்ளி வட்டிலும் விழுந்து உருண்டு தண்ணீர் தரையெல்லாம் ஓடியது.

"பெருமாள் உள்ளுக்குள்ள வந்துட்டியே! புத்தி பிசகிடுத்தா நோக்கு?" மாமி கத்தினாள்.

"மருந்து மாமி! பூவுல மருந்து அடிச்சிருக்கேன். குடிக்காதீங்க!"

மாமா மெதுவாக மனைவியைப் பார்த்தார். "நான் முதல்ல எடுத்துண்டுட்டேனே."

"ஏன்னா, ஏதாவது பண்றதா?"

"இவ சொல்ற வரைக்கும் நன்னாத்தான் இருந்தேன். இப்போ நாக்கு மரத்தாப்ல இருக்கு."

விஜயராணி மேலே ஓடித் தண்ணீர்த்தொட்டிக்குப் பின்னால் ஒளித்துவைத்த பாட்டிலை எடுத்துவந்தாள். மூவரும் ஒரே ஆட்டோவில் ஏறினார்கள். வழியெல்லாம் மாமாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

டாக்டர் பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் படித்தார். என்றைக்கு அடித்தது, எத்தனை மூடி கலந்தது என்று கேட்டார். எல்லாவற்றுக்கும் விஜயராணிதான் பதில் சொன்னாள். பதினாறு நாளைக்குப் பூவுக்கு வேலையில்லை என்று நினைத்து அடித்ததையும் சொன்னாள். "பயப்பட ஒண்ணும் இருக்காது. ஆனா சாயங்காலம் வரைக்கும் வெச்சுப் பார்க்கணும்" என்று மாமாவை உள்ளே அனுப்பினார்.

வெளியே பெஞ்சில் இரண்டு பேர் உட்காரும் இடம் விட்டு இருவரும் உட்கார்ந்தார்கள். மாமி கேட்டாள்.

"பதினாறு நாள்னு நோக்கு யார் சொன்னா?"

"எங்க பக்கம் அப்படித்தான் மாமி. பெத்த அப்பாவாச்சே."

"கல்யாணமான பொண்ணுக்கு மூணு நாள்தான் தீட்டு. நேத்திக்குத் தலைக்கு ஸ்நானம் பண்ணியாச்சு, ஆத்துக்கு வந்தாச்சு." மாமி புடவைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தாள். "அப்பாவுக்கு மூணே நாள். முடிஞ்சுடுத்து."

நர்ஸ் ஒருத்தி கதவைத் திறந்து வெளியே வரும்போதெல்லாம் இருவரும் எழுந்தார்கள். அவள் வேறு யாரையோ கூப்பிட்டாள். இருவரும் உட்கார்ந்தார்கள்.

"மாடிச் சாவியை இங்க வை" என்றாள் மாமி.

விஜயராணி முந்தானை முடிச்சை அவிழ்த்துச் சாவியைப் பெஞ்சில் வைத்துவிட்டு எழுந்தாள்.

"எங்க கிளம்பிட்டே? டாக்டர் மறுபடி ஏதாவது கேட்டா நேக்கு என்ன தெரியும்? அவர் வெளில வர்ற வரைக்கும் இரு. அப்புறம் போ."

அவள் திரும்ப உட்கார்ந்து கதவைப் பார்த்தாள். மணி பதினொன்று கூட ஆகவில்லை.