கோணல் கோட்டுக்கு ஒரு காரணம்

1
உண்மையைச் சொல்லிவிடுகிறேன். ரெங்கம் என்ற தோட்டப்புறச் சிறு டவுனுக்கு நான் போனது கல்யாணச் சாப்பாட்டுக்கு. மண்டபச் சுவரில் ஒரு வரைபடம். மாவட்ட மன்றத்தின் எல்லையை மாற்றி வரைகிறார்களாம். ஆட்சேபம் இருந்தால் படிவம் எழுதிக் கொடுக்கலாமாம். நேராக ஓடிவந்த சிவப்புக் கோடு, பத்தாம் கட்டையில், அதாவது பத்தாவது மைலில், மட்டும் சட்டென்று மடங்கி, ஒன்பது வீடுகளை வெளியே தள்ளியிருந்தது. ஏன்? எனக்குச் சோறு இறங்கவில்லை.

2
காலை ஆறு மணிக்குப் பத்தாம் கட்டைக் காளியப்பன் எழுந்து—

(வேண்டாம். எல்லாக் கதையிலும் யாராவது ஆறு மணிக்கு எழுந்துகொண்டுதான் இருக்கிறார்கள்.)

அந்தக் கோணலின் காரணம் காளியப்பனுக்கு மட்டும்தான் தெரியும். மேட்டில் மஞ்சள் பூசி, முனியாண்டி என்று ஊரே கும்பிடுவது பழைய எல்லைக்கல். தோட்டக் காலத்திலேயே யாரோ பொட்டு வைத்துவிட்டார்கள். ஒரு வெள்ளத்தில், சாமி நனைகிறதே என்று மனசு கேட்காமல், தள்ளுவண்டியில் ஏற்றி, டவுன் பக்கமாகத் தள்ளி மேட்டில் நட்டவர் அவர்தான். அப்போதுதான் கல்லின் முதுகில் எண் இருப்பதைப் பார்த்தார். முன்னால் நின்று கும்பிடுகிறவர்கள் பின்னால் போய்ப் பார்ப்பதில்லை. பிறகு அளக்க வந்தவர்கள் கல் நின்ற புது இடத்தை வைத்தே கோட்டை மடக்கிவிட்டுப் போனார்கள்.

(கல்லை நம்பியா கோடு போடுவார்கள் என்று நானும் விசாரித்தேன். "படத்துல கல்லு, தரையில கல்லு. போதும் லா" என்றாராம் அளக்க வந்தவர்களில் ஒருவர்.)

3
கோட்டுக்கு வெளியே போனால் குப்பை லாரி வராது. தெருவிளக்கு எரியாது. கால்வாயைத் தூர்வார ஆள் வரமாட்டார்கள். அடுத்த மழைக்கு ஒன்பது வீட்டிலும் தண்ணீர்தான்.

"நாந்தான் நகர்த்துனேன்னு எழுதிக் கொடுத்துடறேன்," என்றார் காளியப்பன், மனைவியிடம்.

அங்கம்மா கீரை ஆய்வதை நிறுத்தவில்லை. "கொடுத்தா?"

"பழைய எடத்துக்குக் கொண்டு போயிடுவாங்க. கவர்மெண்ட் கல்லுல்ல. பூ, பொட்டு ஒண்ணும் கூடாதும்பாங்க."

"மவன் லோரியில அடிபட்டுக் கெடந்தப்ப நாப்பது நாளு அதைத்தாங்க சுத்தி வந்தேன். எந்திரிச்சு நடந்தான்."

"ஒம்போது வீடு, அங்கம்மா. அதுக்குப் பின்னால நம்பர் இருக்கு, ஒனக்குத் தெரியாது."

"நாப்பது நாளு சுத்துனவளுக்கா தெரியாது?"

(இரண்டாம் பகுதியில் 'மட்டும்தான்' என்று எழுதியதை அடித்துவிடுங்கள். அவரைப் போலவே நானும் ஏமாந்தேன்.)

4
நான் எழுதிப் பார்த்த ஒரு முடிவில் கோடு நேரானது; வெறும் மேட்டில் அங்கம்மா விளக்கோடு நின்றாள். என்னால் பார்க்க முடியவில்லை. இன்னொன்றில் சாமி இருந்த இடத்திலேயே இருந்தது. வீடுகளுக்குள் முழங்கால் தண்ணீர். இரண்டையும் கிழித்தேன்.

மிச்சம் இருப்பது இதுதான். படிவம் கொடுக்கக் கடைசி நாள், வியாழக்கிழமை. காளியப்பன் பெயர், முகவரி எல்லாம் எழுதிவிட்டு, 'காரணம்' என்ற இடத்தில் பேனாவோடு உட்கார்ந்திருக்கிறார். அங்கம்மா கையைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் வந்து உட்காருகிறாள்.

"உண்மையையே எழுதுங்க," என்கிறாள். "ஆனா கல்லுன்னு மட்டும் எழுதிடாதீங்க."

படிவத்தில் ஒரு வரிதான் இடம். எனக்கு அந்த வரி வரவில்லை. உங்களுக்கு வருகிறதா பாருங்கள். நாலரைக்குக் கவுண்டரை மூடிவிடுவார்கள்.

காரணம்: ........................