வெயில் காட்டிய வட்டங்கள்

பங்குனி வெயிலில் நிறுத்திய கருப்பு வண்டி எதையும் மறைக்காது. சிங்காநல்லூரில் அங்கப்பனின் பெயிண்டிங் பட்டறை வாசலில் நின்ற கான்டெஸா காரின் பானெட் முழுவதும் வட்டம் வட்டமாகக் கீறல்கள் மின்னின. பின்னிருக்கையிலிருந்து இறங்கிய பூவாத்தாள், தன் கணவர் பாலுசாமியின் பின்னால், வண்டியைப் பார்க்காதவாறு நின்றுகொண்டாள்.

பன்னிரண்டு நாளில் மகளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை அழைப்புக்குத் தம்முடைய வண்டிதான் வரும் என்று வெள்ளகோவில் சம்பந்தி வீட்டாரிடம் பாலுசாமி சொல்லியிருந்தார். சோமனூரில் நாற்பது விசைத்தறி ஓட்டுகிறவர் சொன்ன சொல்லை மாற்ற முடியாது. ஆகவே காலையிலிருந்து கடை கடையாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தார்கள். பீளமேட்டில் கண்ணாடிக் கதவு போட்ட கடைக்காரன், பழைய பெயிண்ட்டை மொத்தமாகச் சுரண்டிப் புதிதாக அடிக்க ஒரு மாதம் கேட்டான். ராமநாதபுரத்துக் கடைக்காரன் சாயங்காலமே தருவதாகச் சொல்லி, ஒரு கதவில் மெழுகு தேய்த்துப் பளபளவென்று காட்டினான். பூவாத்தாள் ஈரத்துணியால் ஒரு இழுப்பு இழுத்தாள். கீறல்கள் அப்படியே திரும்பி வந்தன.

அங்கப்பன் மூன்றாவது ஆள். அவர் அவசரப்படவில்லை. பானெட்டில் நகத்தை வைத்து மெல்ல இழுத்துப் பார்த்தார்.

"நகம் மாட்டலீங்க. மேலாப்புலதான் இருக்குது. புதுசா அடிக்கவே வேண்டாம், தேய்ச்சு எடுத்தரலாம்."

"அப்ப எடுத்துப்போடுங்க," என்றார் பாலுசாமி.

"நான் எடுக்கமாட்டேனுங்க. வெள்ளை வண்டின்னா நானே பாத்துக்குவேன். கருப்புல பாலிஷ் மிஷின் ஒரு சுத்துக் கூடிப்போச்சுன்னா வெயிலு ஊரைக் கூட்டிச் சொல்லிப்போடும். உக்கடத்துல அப்துல் நாசர் பாய்கிட்ட உடுங்க. கருப்புக்கு அவரு ஒருத்தருதான்."

பாலுசாமியின் முகம் சிவந்தது. "அந்த ஆளா! போன வருசம் அவன் பாலிஷ் போட்டதுலதானுங்க இந்தக் கதியே!"

அங்கப்பன் சிரித்துவிட்டார். "மிஷின் போட்ட கோடு ஒரே வாக்குல ஓடுமுங்க. இது கை போட்ட வட்டம். தோசைக்கல்லைத் தேய்க்கற மாதிரி ஆரோ நல்லா அமுத்தித் தேய்ச்சிருக்காங்க."

சொல்லிக்கொண்டே குனிந்து, முன்விளக்கின் வளையத்துக்குள் சிக்கியிருந்த ஒரு நூல் துணுக்கைக் குச்சியால் நெம்பி எடுத்து உள்ளங்கையில் வைத்து உருட்டினார். கையில் கருந்தூள் ஒட்டியது.

"தறி வேஸ்ட்டு. சோமனூர்க்காரங்களுக்கு இதை உட்டா வேற துணி ஏதுங்க? தறியடியில கெடந்து இரும்புத்தூளு ஏறியிருக்கும். உப்புத்தாள்ல தேய்ச்சாப்பல ஆயிப்போகும். ஆருங்க ஊட்டுல வண்டியத் தொடைக்கறது?"

"ஆரும் தொடைக்கறதில்லீங்க. நான் தண்ணி மட்டுந்தான் ஊத்துவேன்."

பாலுசாமி பொய் சொல்லவில்லை. தமக்குத் தெரிந்ததைச் சொன்னார். பூவாத்தாளுக்குத்தான் அதற்குமேல் தெரியும்.

வண்டி வாங்கியபோதே, நல்லது கெட்டதுக்குப் போகிற வண்டி கருப்பிலா என்று உறவுக்காரர்கள் முகம் சுளித்தார்கள். கருப்பானாலும் அதில் ஒரு பொட்டுத் தூசி இருக்கக்கூடாது என்று பூவாத்தாள் வைராக்கியம் வைத்தாள். கணவர் சந்தைக்குப் போன பிறகு, தறிக்குடோன் தரையிலிருந்து ஒரு கைப்பிடி வேஸ்ட் நூலை அள்ளி வந்து துடைப்பாள். ஜன்னல் கம்பி, தையல் மிஷின், சாமி விளக்கு எல்லாவற்றையும் அந்த வீட்டில் அதில்தான் துடைத்தார்கள். வண்டிக்கு மட்டும் அது ஆகாது என்று அவளுக்குத் தோன்றவில்லை. நாசரிடம் பாலிஷ் போட்டு வந்தபின் இன்னும் அக்கறையாகத் துடைத்தாள். பதினைந்தே நாளில் வட்டங்கள் தெரிந்தன.

பாலுசாமி அப்போது நேரே உக்கடம் போய், டீக்கடையில் நின்றவர்களுக்கெல்லாம் கேட்கும்படி, தொழில் தெரியாதவனுக்குக் கடை எதற்கு என்று கத்தினார். நாசர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "ஊட்டுல எதுலீங்க தொடைக்கறீங்க?" அந்தக் கேள்வி காதில் விழுந்தபோதே பின்னிருக்கையில் இருந்த பூவாத்தாளுக்குப் புரிந்துவிட்டது. அவள் கார்க் கண்ணாடியை மேலே ஏற்றிக்கொண்டாள். பாலுசாமி ஊருக்குத் திரும்பித் தறிக்காரர் சங்கத்திலும் அதையே சொன்னார். அன்று முதல் அவள் வண்டியைத் துடைக்கவில்லை. ஏன் நிறுத்தினாய் என்று கேட்க ஆளில்லை. துடைத்ததே யாருக்கும் தெரியாது.

அங்கப்பனின் பட்டறையிலிருந்து வண்டி கிளம்பியதும் பூவாத்தாள், "உக்கடத்துக்கே உடுங்க," என்றாள்.

"அங்க எந்த மூஞ்சிய வெச்சுட்டுப் போறது?"

"மூஞ்சி என்னுதுங்க. நீங்க வண்டிய மட்டும் ஓட்டுங்க."

நாசர் கடைக்குள் ஒரு கார்க் கதவைத் தேய்த்துக்கொண்டிருந்தார். கான்டெஸாவைப் பார்த்ததும் மிஷினை நிறுத்தினார், வெளியே வரவில்லை. டீக்கடையில் நாலைந்து பேர் திரும்பிப் பார்த்தார்கள். பூவாத்தாள் முதலில் இறங்கினாள்.

"பாய், வண்டியக் கீறுனது நீங்க இல்லீங்க. நானு. தறி வேஸ்ட்ல தொடைச்சுக் கெடுத்துப்போட்டேன். இவருக்குத் தெரியாது. அன்னைக்கு நான் சொல்லியிருக்கோணும், சொல்லலை."

"பூவாத்தா, வண்டில ஏறு," என்றார் பாலுசாமி தாழ்ந்த குரலில். அவள் ஏறவில்லை.

நாசர் அவளைப் பார்க்காமல் பானெட்டையே பார்த்தார். "தெரியுமுங்கக்கா."

"எப்பங்க தெரியும்?"

"கண்ணாடிய ஏத்துனீங்கல்ல, அப்பங்க."

அவர் திட்டியிருந்தால் அவள் தாங்கியிருப்பாள். திட்டு வாங்கத்தான் வந்திருந்தாள். "அப்பவே சொல்லியிருக்கலாமுங்களே," என்றாள், தனக்கே கேட்காத குரலில்.

"என்னன்னு சொல்றதுங்க? பொம்பளையக் காட்டிக் குடுத்துப் பொழச்சான்னு அந்தப் பேரு வேற எனக்கு வேணுங்களா?" நாசர் கையைத் துடைத்துக்கொண்டார். "அதுக்கப்புறம் சோமனூர்ல இருந்து ஒரு வண்டி வரலீங்க. சரி, சாவியக் குடுங்க. மூணு நாளாகும். பஸ்ஸுல போய்க்கங்க."

மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. அதைக் கேட்கும் உரிமை தனக்கு இல்லை என்பது பூவாத்தாளுக்குத் தெரிந்தது. சாவியை நீட்டிய பாலுசாமியின் கண்ணும் தரையில்தான் இருந்தது.

இருவரும் சோமனூர் பஸ் ஏறினார்கள். சூலூரில் தம்பிதுரை ஏறினார். அவரும் தறிக்காரர்; சங்கத்தில் பாலுசாமி சொன்னதைக் கேட்டு, நாசரிடம் விடவிருந்த தம் அம்பாசடரை வேறு இடத்துக்குக் கொண்டுபோனவர்.

"ஏனுங்க மாப்ளே, காரு வெச்சுட்டு டவுன் பஸ்ஸுல சிக்கனமா? கல்யாணச் செலவு அப்பிடிக் கடிக்குதுங்களா?"

"இல்லீங்க, வண்டி வேலைக்கு..." என்று பாலுசாமி இழுத்தார்.

பூவாத்தாள் இருக்கையை விட்டு எழுந்தாள். "நாசர் பாய் கடையில உட்டிருக்குதுங்கண்ணா. போன வருசம் கெடுத்தது அவரில்லீங்க. தறி வேஸ்ட்ல தொடைச்சு நாந்தான் கெடுத்தேன். தெரிஞ்சும் வாயத் தொறக்கலை."

பஸ் மேடேறிக்கொண்டிருந்தது. எஞ்சின் இரைச்சலில் தம்பிதுரைக்குப் பாதிதான் எட்டியது. அவர் காதுக்குப் பக்கத்தில் கையைக் குவித்தார்.

"என்னங்கம்மணி? சத்தமாச் சொல்லுங்க!"

முன்னால் உட்கார்ந்திருந்த பெண்கள் திரும்பினார்கள். பாலுசாமி அவள் முகத்தை ஏறிட்டுப் பார்த்தார், தடுக்கவில்லை. பூவாத்தாள் மேல்கம்பியை இறுகப் பற்றிக்கொண்டு, பஸ் முழுவதும் கேட்கும்படி, முதலிலிருந்து மறுபடியும் சொல்லத் தொடங்கினாள்.