கொச்சோட்டம்

அன்று முற்றத்தில் இருந்தவர்கள் ஐந்து பேர். கனகதாஸாகிய நான். என் மனைவி ஞானபாய். வளைகுடாவிலிருந்து விடுப்பில் வந்திருந்த என் தம்பி ரெத்தினதாஸ். அவன் மனைவி லீலாபாய். கொத்தனார் சோமன். ஆறாவதாக ஒருவரும் இல்லை. தாங்களும் அங்கே நின்றதாகப் பிற்பாடு பலர் சொல்லியிருக்கிறார்கள். அவர்கள் நிற்கவில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்து நான்காம் ஆண்டு அது. எங்கள் கிறிஸ்தவக் கோயிலில் அறுப்பின் பண்டிகைக்கு ஏழு வாரம் இருந்தது. தம்பி அனுப்பிய பணத்தில் வீடு கான்கிரீட் ஆகியிருந்தது. சோமன் வாசல் கேட்டின் தூண்கள் இரண்டையும் பூசி, வலது தூணில் பேர்க்கல்லுக்கு ஒரு சதுரப் பள்ளம் விட்டிருந்தான். ரெத்தினதாஸ் சாக்கை அவிழ்த்து ஒரு பளிங்குக் கல்லை எடுத்தான். அதில் ‘தாஸ் வில்லா’ என்று வெட்டியிருந்தது.

எங்கள் வீட்டுக்குப் பேர் இல்லாமல் இல்லை. ஓட்டக்காரன் வீடு. அப்பா திருவிதாங்கூர் அஞ்சலில் ஓட்டக்காரர். நெய்யாற்றின்கரையிலிருந்து பாறசாலை வரை தபால் பையைத் தோளில் போட்டு, மணி கட்டிய கோலைக் கையில் பிடித்து ஓடுவது அவர் வேலை. மணிச்சத்தம் கேட்டால் வண்டிக்காரன் மாட்டை ஓரம் கட்டுவான். எவ்வளவு பெரிய நிலத்துக்குச் சொந்தக்கார ஜன்மியும் விலகி வழிவிட வேண்டும். அப்பாவுக்குப் பின் ஐந்து வருஷம் நானும் ஓடினேன். ஐம்பத்தொன்றில் அஞ்சல் இந்தியத் தபாலோடு சேர்ந்தது. கோலைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் காக்கிச் சட்டை போட்ட தபால்காரன் ஆனேன்.

நாங்கள் குடியிருந்த மண் தெக்கேவீட்டு அப்புக்குட்டன் பிள்ளையின் தென்னந்தோப்பு. நிலச்சட்டம் வந்து, ஜன்மியின் மண்ணில் குடிசை போட்டிருந்த குடிகிடப்புக்காரனுக்குப் பத்து சென்ட் என்று ஆனபோது, விசாரணையில் குமாஸ்தா வீட்டுப்பேர் கேட்டார். அதுவரை எங்கள் ஓலைப்புரைக்குப் பிள்ளையின் தோப்புப் பேர்தான். நான் ஓட்டக்காரன் வீடு என்றேன். பட்டயத்தில் அப்படியே ஏறியது. அன்றுமுதல் பிள்ளை எங்களோடு பேசவில்லை. நாங்களும் போய் நிற்கவில்லை.

இரண்டு வருஷம் கழித்து ரெத்தினதாஸ் யாரிடமும் சொல்லாமல் பம்பாய்க்குப் போய், அங்கிருந்து லாஞ்சில் கடல் கடந்தான். ஓடிப்போனான் என்றது ஊர். வீட்டுப்பேர் அவனுக்காகவே வைத்தது போல ஆயிற்று.

“அங்க கேம்பில எனக்கு வாற கடுதாசியெ எடுத்து வெலாசம் வாசிச்சிட்டு, ஒனக்க வீட்டிலெ எவன் எவளெ இழுத்தோண்டு ஓடினாண்ணு கேக்கியானுவ,” என்றான் ரெத்தினதாஸ். “பதினோரு வருசம் கேட்டாச்சு, அண்ணே. மதி, போரும்.”

மண் அப்பாவின் பேரால் வந்தது என்றேன். சிமெண்டு தன் விசாவால் வந்தது என்றான். சோமன் கரண்டியைக் கழுவுகிற பாவனையில் நின்றான்.

“எலே, அது ஓடிப்போறதுக்க பேரில்லே,” என்றேன். “ஓடி எத்துறதுக்க பேராக்கும்.”

எத்துவது என்றால் எங்கள் பக்கம் சேர வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர்வது.

அவன் என் வலது காலைப் பார்த்துச் சிரித்தான். “எத்துறதா? கோயில்லெ அண்ணன் முட்டுக்குத்தி எழும்பவே ரெண்டுபேரு பிடிக்கணும்.”

லீலாபாய் தலையைத் திருப்பிக்கொண்டாள். அவனுக்கு வாய் நீண்டது.

“பண்டிகைக்குக் கெழவன்மாருக்கு ஓட்டம் உண்டுல்லா. உதியன்குளங்கரை முக்கிலேருந்து கோயில் வரைக்கும் அண்ணன் ஓடட்டு. ஓடி எத்தினா பழைய பேரு. ஒரு எட்டு நடந்தாலும் இந்தக் கல்லு தூணில ஏறும்.”

“ஏறட்டு,” என்றேன்.

என் வலது முட்டு போனது ஐம்பத்தொன்பதில், அதே பண்டிகையில், வாலிபர் பந்தயத்தில். அதற்கு முன் மூன்று முறை நான்தான் முதல். அந்த முறையும் முதலாக வந்து, கோயில் படியில் கால் வைத்தபோது முட்டுக்குள் ஏதோ நழுவியது. அதற்குப் பிறகு இருபத்தைந்து வருஷம் அந்த முட்டோடுதான் கடிதம் கொடுத்தேன். மழைக்காலத்தில் அது தேங்காய் போல வீங்கும். நெய்யாற்றின்கரையில் ஒரு டாக்டர் படம் எடுத்துப் பார்த்து, எலும்பும் எலும்பும் உரசுகிறது, சம்மணம்கூடப் போடக் கூடாது என்றார். ஓடலாமா என்று இப்போது போய் அவரிடம் கேட்கவில்லை. அவர் சொல்லப்போவது எனக்குத் தெரியும்.

முதல் நாள் விடிகாலையில் வேட்டியை மடித்துக் கட்டி, பழையபடி காலை வீசி ஓடினேன். நாற்பது எட்டில் ஒரு தென்னையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். திரும்பி வர அரைமணி நேரம் ஆயிற்று. ஞானபாய் எருக்கிலையை வாட்டி முட்டில் கட்டினாள். கட்டு வேண்டியதைவிட இறுக்கமாக இருந்தது.

எட்டு நாள் படுக்கையில் கிடந்தேன். அப்போதுதான் அப்பாவின் கொச்சோட்டம் நினைவுக்கு வந்தது.

கொச்சு என்றால் சின்னது. பாதம் தரையை விட்டு ஒரு விரல் உயரம்கூட எழாது. முட்டு மடங்குவது தெரியாது. தோள் ஆடாது. “பை ஆடினா காலு பெழச்சதாக்கும்” என்பார் அப்பா. தூரத்திலிருந்து பார்த்தால் மனுஷன் சும்மா நிற்பது போலவும் ரோடுதான் அவருக்கு அடியில் பின்னால் போவது போலவும் இருக்கும். இருபது வயதில் எனக்கு அது கேவலமாகப்பட்டது. அவர் முன்னாலேயே தாரா வாத்தைப் போல ஓடிக் காட்டிச் சிரித்திருக்கிறேன். அவர் கோபப்படவில்லை. ஐம்பத்தைந்து வயது வரை அப்படியே ஓடினார். சாகும் நாள் வரை தரையில் கை ஊன்றாமல் குத்தவைத்து எழுந்தார். நான் தாவித் தாவிக் கோப்பை வாங்கினேன், முட்டைக் கொடுத்தேன்.

ஒன்பதாம் நாள் அப்பாவைப் போல ஓடினேன். ஓடைமேல் இருக்கும் சின்னப் பாலமாகிய கலுங்கு வரை போக முடிந்தது. அடுத்த வாரம் குளக்கரை வரை. வலி போகவில்லை. ஆனால் கூடவே வந்தது, முன்னால் வந்து மறிக்கவில்லை. ஒரு காலை என் அறை ஜன்னலில் கோடாலித் தைலம் ஒரு குப்பி இருந்தது. தம்பியின் பெட்டியில் வந்த சரக்கு. வைத்தது லீலாபாய் என்று தெரியும். தினமும் தேய்த்தேன்.

ஐந்தாம் வாரம் ஒரு விடியலில், மரச்சீனிக் கிழங்கு விளைகளுக்கு நடுவே போகும்போது, இடது தோளில் பையின் கனம் இருந்தது. தோல்வாரின் எண்ணெய் நாற்றம், அரக்கு முத்திரையின் வாசனை, வலது கையில் கோல். அந்த ஐந்து வருஷத்தில் என் முகத்தைப் பார்த்து யாரும் வழிவிட்டதில்லை, மணிக்குத்தான் விட்டார்கள். இருந்தாலும் வழிவிட்டார்கள். அது எப்படி இருந்தது என்பதை நான் மறந்து போயிருந்தேன். அன்று கலுங்கில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதேன். அதைச் சொல்வதில் எனக்கு வெட்கமில்லை.

பண்டிகை அன்று முக்கில் ஏழு பேர் வரிசையில் நின்றோம். சபை மூப்பர் ஞானையன் கைத்துண்டை வீசினார். ஆறு பேரும் போனார்கள். நான் என் ஓட்டத்தில் கிளம்பினேன். ரெத்தினதாஸ் சைக்கிளில் பக்கத்திலேயே வந்தான், கண் என் காலில். இறக்கத்தில்தான் முட்டு அதிகம் நொந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு பாதத்தை இன்னும் தாழ்த்தினேன்.

சாயாக்கடை சுந்தரன் கடைக்குள்ளிருந்து எட்டிப் பார்த்து, அண்ணன் பந்தயத்துக்குப் போறாரா ரேஷன் கடைக்குப் போறாரா என்று கேட்டான். பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள்.

“அண்ணே,” என்றான் ரெத்தினதாஸ். “இது நடையாக்கும்.”

“நடையில்லே.”

“இதெ ஓட்டம்ணு ஊரில ஒருத்தன் சொல்லட்டு, நான் ஒத்துக்கிடுதேன்.”

அப்பா ஓட்டத்தை விட்டபோது அவனுக்கு இரண்டு வயது. அப்பா ஓடியதை அவன் பார்த்த நினைவே இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

எங்களுக்கு முன்னால் பங்கஜாட்சி மரச்சீனிக் கூடையைத் தலையில் வைத்துப் போய்க்கொண்டிருந்தாள். எழுபது வயதுக்காரி. என் கால் சத்தம் கேட்டதும், திரும்பிக்கூடப் பார்க்காமல், ரோட்டை விட்டு இறங்கிப் புல்லில் நின்றாள். நான் அவளைத் தாண்டினேன். ரெத்தினதாஸ் சைக்கிளை நிறுத்தி அவளிடம் கேட்டது எனக்குப் பின்னால் கேட்டது.

“சேச்சி என்னத்துக்கு மாறி நின்னிய?”

“அஞ்சல் வருதுல்லா, மக்கா.”

பிறகு அவளே சிரித்தாள், மணி இல்லையே என்று.

அடுத்த வளைவில் எதிரே அப்புக்குட்டன் பிள்ளை வந்தார். வெயிலுக்குக் குடை பிடித்து, ரோட்டின் நடுவில், எப்போதும் போல. பட்டயம் வந்த பிறகு அந்தப் பதின்மூன்று வருஷமும் நான் அவரைக் கண்டால் எதிர் ஓரத்துக்குப் போய்விடுவேன். அன்று ஓரம் மாறினால் கால் பிழைக்கும். நான் நேரே போனேன். அவர் பார்வை என் முகத்தில் இல்லை, பாதத்தில் இருந்தது. குடையை மடக்கினார். ஒரு எட்டு எடுத்து ஓடைக்கரையில் நின்றார். நான் போனேன்.

சைக்கிளின் சத்தம் பிறகு எனக்குப் பக்கத்தில் கேட்கவில்லை. திரும்பிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். நான் பார்க்கவில்லை. ரெத்தினதாஸ் சைக்கிளை உருட்டிக்கொண்டு, இருபது எட்டு பின்னால், கோயில் வரை நடந்தே வந்தான் என்று லீலாபாய் பிறகு சொன்னாள்.

கோயில் நடையில் கயிற்றை அவிழ்த்துச் சுருட்டிவிட்டிருந்தார்கள். எல்லோரும் பந்தியில் இருந்தார்கள். ஞானையன் மட்டும் நோட்டுப் புத்தகத்தோடு நின்று ஏழாவது என்று எழுதினார். ஓட்டமா நடையா என்று அவர் கேட்பதற்கு முன் ரெத்தினதாஸ் சொன்னான், “ஓட்டம்ணு எழுதும், மூப்பரே.”

படியில் ஏறும்போது என் கைக்கு அடியில் அவன் தோள் இருந்தது. நான் அதை எடுத்துவிடவில்லை.

மறுநாள் சோமனைக் கூப்பிட்டு, கல்லைத் திருப்பிப் பின்பக்கத்தில் பழைய பேரை வெட்டச் சொன்னான். முன்பக்கம் தூணுக்குள் சிமெண்டில் இருக்கிறது. அடுத்த மாதம் வளைகுடாவுக்குப் போகும்போது, தன் விலாசம் எழுதிய பத்துக் கவர்களை என்னிடம் தந்தான். அனுப்புபவர் என்ற இடத்தில் வீட்டுப்பேரை அவன் கையாலேயே எழுதியிருந்தான்.

முட்டு பன்னிரண்டு நாள் வீங்கியது. வற்றியதும் மறுபடி விடிகாலையில் கிளம்பினேன். இப்போதும் கலுங்கு வரை போகிறேன். அதற்கு மேல் முட்டு விடுவதில்லை, நானும் அதனோடு வழக்காடுவதில்லை.

ஒன்று மட்டும் சொல்ல வேண்டியிருக்கிறது. அப்புக்குட்டன் பிள்ளை அன்று என்னைக் கண்டு கும்பிட்டார் என்று உதியன்குளங்கரையில் ஒரு பேச்சு உண்டு. எங்கள் ஆட்களே அதைச் சொல்கிறார்கள். அது சரியல்ல. அவர் கும்பிடவில்லை. அவருடைய ஒரு கையில் மடக்கிய குடை இருந்தது, மறு கை வேட்டித் தலைப்பில் இருந்தது. அவர் விலகி நின்றார், அவ்வளவுதான்.