பழகிய குரல்

இதய மருத்துவருக்குக் காலையிலிருந்தே கை ஓடவில்லை. மேசையில் மல்லாந்து கிடந்தது அவருடைய ரேடியோ அண்ணன் அல்லவா!

இதய சிகிச்சை அறையின் டெக்னீஷியனுக்கு எல்லோரும் வைத்த பெயர் அது. கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து, நோயாளியின் துடிப்பைத் திரையில் பார்த்தபடி, ஒலிபெருக்கியில் ஓயாமல் பேசுவார். பேச்சு நின்றால் கரண்ட் போய்விட்டது என்று அர்த்தம்.

வேலை அப்படி. தொடை வழியாக கதீட்டர் என்கிற மெல்லிய குழாயை இதயத்துக்குள் ஏற்றி, படபடப்பைக் கிளப்பும் கடுகளவு சதையை அதன் நுனியால் சுட வேண்டும். மருத்துவர் காலால் மிதியை அழுத்தினால் சூடு, காலை எடுத்தால் நின்றுவிடும். மயிரிழை தள்ளித்தான் இதயத்தை ஓட்டும் மின்பாதை. அது கருகினால் ஆயுசுக்கும் பேஸ்மேக்கர்தான். அதனால் மருத்துவரின் கண் கதீட்டர் மேல் இருக்கும், காது அண்ணன் மேல். அவர் "போகலாம்" என்றால் கால் அழுத்தும், "நிறுத்துங்க" என்றால் எடுக்கும். பல வருஷப் பழக்கம், யோசிப்பதே இல்லை.

இப்போது அண்ணனுக்கே அந்தப் படபடப்பு. "நீங்கதான் செய்யணும்" என்று மருத்துவரிடம் ஒற்றைக் காலில் நின்றார். அவர் நாற்காலியில் இன்று இன்னொரு டெக்னீஷியன் அக்கா. கெட்டிக்காரி, குரல்தான் மெல்லிசு.

"நெஞ்சுல லேசா எரியும், பயப்படாதீங்கண்ணே."

"என்கிட்டயேவா டாக்டர்?" என்று சிரித்தவர், தூக்க மருந்தில் சொக்கிப்போனார்.

மிதி அழுந்தியது.

"நிறுத்துங்க டாக்டர்" என்று ஒரு குரல் கேட்டது. கூடவே, காதுக்குப் பழகிய குரல்: "போகலாம்... நல்லா இருக்கு, போகலாம்..."

மருத்துவரின் கால் பழகிய குரலுக்கே கட்டுப்பட்டது.

"நிறுத்துங்க! நிறுத்துங்க!" அக்கா கண்ணாடியைப் படபடவென்று தட்டினாள்.

மருத்துவர் திரும்பினார். மேசை மேல் கண்மூடிக் கிடந்தவரின் உதடுகள் அசைந்துகொண்டிருந்தன. தூக்கத்திலும் மனுஷன் டியூட்டி பார்த்துக்கொண்டிருந்தார்.

மருத்துவர் சட்டென்று காலை உதறி எடுத்தார். திரையில் துடிப்பு அறுந்து, வெறும் கோடு ஓடியது. இதயத்துக்குள் முன்பே விட்டிருந்த இன்னொரு கம்பி வழியாக மின்சாரம் கொடுத்ததும் துடிப்பு வந்தது. அந்த மின்சாரத்தை நிறுத்திப் பார்த்தார்கள். இதயம் தானாக ஓடவில்லை. காத்திருந்து மறுபடி பார்த்தார்கள். ஓடவே இல்லை.

மருந்து தெளிந்து அண்ணன் கண் திறந்தபோது மருத்துவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

"அண்ணே, மின்பாதை கருகிப்போச்சு. பேஸ்மேக்கர் வைக்கணும். தப்பு என்னோடதுதான்."

அவர் திகைத்துப்போய்ப் பார்த்தார். "ஏன், யாரும் நிறுத்தச் சொல்லலையா?"

"சொன்னாங்க. மருந்து மயக்கத்துல நீங்க போகலாம், போகலாம்னீங்க. நான் உங்க பேச்சைக் கேட்டுட்டேன்."

அவர் கண்ணாடித் தடுப்பைப் பார்த்தார். பிறகு மருத்துவரைப் பார்த்தார்.

"என் பேச்சையா? நான்தான் இன்னிக்கு அங்க இல்லையே, டாக்டர்!"