அடித்துவிட்ட பதிவு

ஏழாவது வாரமும் பிறந்துவிட்டது. பதிவாளர் அலுவலகத்துப் பதிவறையில் அவருக்கென்று ஒரு நாற்காலியே ஏற்பட்டிருந்தது. அதன் ஆடுகிற காலுக்கு அடியில் பழைய பஸ் டிக்கெட்டை மடித்துக் கொடுத்து அவரே சரிசெய்திருந்தார். முப்பத்தொரு வருஷம் கண்டக்டராக நின்றே பிழைத்தவருக்கு, உட்கார்ந்து பார்க்கிற வேலையில் இடுப்பு இப்படி விட்டுப்போகும் என்று யார் கண்டது.

தேடுவது ஒரே ஒரு பதிவு, அப்பா அம்மாவின் திருமணம். பெயர்ப் பட்டியல் இருந்தால் ஒரு காலைப்பொழுதில் முடிகிற காரியம். அது என்றோ கூரை ஒழுகியதில் கூழாகிப் போயிருந்தது. மிஞ்சியவை தடித்தடியான ஏடுகள். யார் எந்த நாளில் வந்தார்களோ அந்த வரிசையில், எழுத்தருக்கு எழுத்தர் மாறுகிற கிறுக்கலில், பக்கத்துக்கு நான்கு திருமணம்.

கேட்டது அக்கா. அவள் எதையும் கேட்டு அவர் பார்த்ததில்லை, அதனால் மறுக்க முடியவில்லை. அவர்களுடைய அம்மா முறையாகக் கல்யாணம் ஆகாதவள் என்று அத்தை வாய் வலிக்காமல் ஊரெல்லாம் சொல்லி வைத்ததில், அக்காவைப் பெண் கேட்டு வந்த இரண்டு வீட்டாரும் வாசலோடு திரும்பினார்கள். பிறகு எவரும் வரவில்லை. அம்மா போனபின் தம்பியை வளர்த்ததிலேயே அவள் காலம் கழிந்தது. இப்போது எழுபத்திரண்டு வயது. கண் மங்கிக்கொண்டே வருகிறது.

"பார்வை போறதுக்குள்ள அந்தக் காகிதத்தப் பாத்துடணும்டா. நான் பொறக்கறதுக்கு முந்தின மூணு வருஷத்துல பாரு" என்றிருந்தாள்.

மூன்று வருஷத்தையும் இரண்டு தடவை சலித்தாயிற்று. ஒன்றும் இல்லை.

"ஐயா, எச்சில் தொட்டுப் புரட்டாதீங்க" என்றாள் பதிவறையைப் பார்த்துக்கொள்கிற பெண், வழக்கம்போல.

"டிக்கெட் கிழிச்ச விரலும்மா. சொன்னா எங்க கேக்குது."

அவள் சிரித்துவிட்டு அருகில் வந்தாள். அவர் தாண்டிப்போன ஒரு பதிவில் விரல் வைத்தாள். குறுக்கே சிவப்புக்கோடு போட்ட பதிவு. "இத ஏன் விட்டுட்டீங்க?"

"கேன்சல் ஆனதுதானே. செல்லாத டிக்கெட்ட எவன் படிப்பான்?"

"எல்லாத்தையும் இப்படியேவா விட்டுட்டு வந்தீங்க?" அவள் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். "அடிச்சதத்தான் மொதல்ல படிக்கணும் ஐயா. எழுதி வச்சப்புறம் ஒருத்தர் கையெழுத்துப் போட வரலன்னா அடிச்சுடுவாங்க. பின்னால என்னைக்காவது வந்து பதிஞ்சா, எந்த ஏடு எந்தப் பக்கம்னு இதோட ஓரத்துலயே குறிச்சு வைப்பாங்க."

அவருக்கு அழுகையே வந்துவிடும்போல இருந்தது. மறுபடி முதல் பக்கத்திலிருந்து.

நான்காம் நாள் கிடைத்தது. அக்கா பிறப்பதற்கு ஐந்து மாதம் முன்பு எழுதிய பதிவு. அம்மா மட்டும் கையெழுத்திட்டிருந்தாள். 'மணமகன் வரவில்லை' என்று எழுதிக் கோடு போட்டிருந்தது. வயிற்றில் பிள்ளையோடு எவ்வளவு நேரம் காத்திருந்தாளோ. செத்துப்போன அப்பாவின் மேல் அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஓரத்தில் பொடி எழுத்தில் ஓர் ஏட்டு எண். அந்த ஏடு பத்து வருஷத்துக்கு மேல் பிந்தியது. எடுத்துப் பார்த்தார், அதில் திருமணம் பதிவாகியிருந்தது. தேதியை விரல் விட்டு எண்ணினார். அப்போது அவர் ஐந்து மாதக் கைக்குழந்தை. அத்தை சொன்னது முழுப் பொய்யில்லை. அக்காவின் குறையைத் துடைக்கக் கிளம்பியவர் தானும் அதே குறையோடு பிறந்தவர் என்று அறுபத்திரண்டு வயதில் தெரிந்துகொண்டார்.

நகலை வாங்கிக்கொண்டு பஸ் ஏறினார். வருஷம் இருக்கிற மூலையைக் கட்டைவிரலால் மறைத்துக் காட்டிவிடலாம், அக்காவின் கண்ணுக்கு எட்டாது என்று வழியெல்லாம் தீர்மானம் செய்துகொண்டே போனார்.

அக்கா காகிதத்தை வாங்கவில்லை. "அப்பா கையெழுத்து இருக்கா?" என்றாள்.

"இருக்கு."

அக்கா கண்ணை மூடிக்கொண்டாள்.

"எந்த வருஷம்னு கேக்கலையேக்கா."

"அன்னிக்கு நீ என் இடுப்புல இருந்தடா. எங்கள அந்த ஆபீஸ் வாசல்லயே நிக்க வச்சுட்டு ரெண்டு பேரும் உள்ள போனாங்க. வெளிய வந்தப்ப அம்மா அழுதுட்டு இருந்தா. அப்பா கையெழுத்துப் போட்டாரா இல்லையான்னு கேக்க பயம். அப்புறம் கேக்க அம்மாவே இல்ல."

"அந்த வருஷத்தையே சொல்லியிருக்கலாமே. ஏழு வாரம்."

"சொன்னா உன் பொறப்பும் உனக்குத் தெரிஞ்சுடுமே. முன்னாடியே எங்கயாச்சும் பதிஞ்சிருந்தா ரெண்டு பேருமே தப்பிச்சோம்னு ஒரு நப்பாசை."

கோபப்படத்தான் வேண்டும். அதற்கும் அவருக்குத் தெம்பில்லை. நாற்காலியை இழுத்துப்போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"எங்கடா இருக்கு?"

அவளுடைய விரலைப் பிடித்து அப்பாவின் கையெழுத்தின் மேல் வைத்தார். அவள் தடவித் தடவிப் பார்த்தாள். "ஒண்ணும் தட்டுப்படலையே."

"நகல்ல தட்டுப்படாதுக்கா. ஏட்டுல அழுத்திப் போட்டிருக்காரு. அடுத்த பக்கம் வரைக்கும் பதிஞ்சிருக்கு."

"அடுத்த பக்கம் வரைக்குமா" என்றாள் அக்கா. விரலை எடுக்கவில்லை.